ஒரு இண்டர்வியூவும் ஒரு கையெழுத்தும்

போன ஞாயித்துக்கிழமை காலைல எங்க சொசைட்டியில பொதுக்குழுக் கூட்டம். வாஷியில இருக்கறவங்களுக்கு இது என்னன்னு விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். சிட்கோ காலத்துக் கட்டடம், லிஃப்ட் கிடையாது, கீழ பைக் நிறுத்தற இடத்துல பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கு ஒரு வடாபாவ், கட்டிங் சாய், அப்புறம் ரெண்டு மணி நேரம் சண்டை.

இந்தத் தடவை சண்டை மொட்டைமாடிக்கு. மழைக்கு முன்னாடி ஒழுகலை அடைக்கணும். மூணு கான்டிராக்டர்கிட்ட இருந்து கொட்டேஷன் வந்திருந்தது. கை தூக்கச் சொல்லி எண்ண ஆரம்பிச்சாங்க. மூணாவது மாடி மராட்டிக்கார மாமா எழுந்து, "இதுல ஒரு கான்டிராக்டர் செக்ரெட்டரிக்குத் தெரிஞ்சவர். அவர் எதிர்ல யார் கை தூக்குவாங்க? சீட்டு எழுதிப் போடுங்க"ன்னார். பிஸ்கட் டப்பா வந்தது. 33 பேர் சீட்டு எழுதிப் போட்டோம். 19-க்கு 14. முடிஞ்சது.

படி ஏறி வரும்போது மனசுல ஒண்ணு உறுத்திச்சு. மொட்டைமாடிக்கு தார் பூசற ஆளைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஓட்டு இருக்கு, அதுவும் ரகசிய ஓட்டு. காலேஜ்ல என் பக்கத்து நாற்காலியில இருபது வருஷம் உக்காரப்போற ஆளைத் தேர்ந்தெடுக்க எங்க டிபார்ட்மெண்டுக்கு ஓட்டு இல்லை. ஓட்டை விடுங்க, "நீ என்னப்பா நினைக்கறே?"ன்னு ஒரு கேள்வி கூட இல்லை.

இந்த உறுத்தல் 2022-ல இருந்தே இருக்கு. இன்னிக்கு எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு: நான் கும்பகோணம் பக்கத்து ஆள். கணக்கு வாத்தியார். 1996-ல பம்பாய் வந்தேன். (அந்தச் சமயத்துலதான் அது மும்பை ஆச்சு. வீட்டுல இன்னிக்கும் பம்பாய்தான்.) செம்பூர்ல பேயிங் கெஸ்ட், அப்புறம் கல்யாணம், அப்புறம் வாஷி. இப்ப ஒரு அரசு உதவி பெறும் காலேஜ்ல கணக்குத் துறைத் தலைவர். காலேஜ் பேரைக் கேக்காதீங்க, சொல்லமாட்டேன்.

எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு மராட்டிப் பொண்ணு ஆறு வருஷமா சிஎச்பியில பாடம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. சிஎச்பின்னா கிளாக் அவர் பேஸிஸ். எடுக்கற பீரியடுக்கு மட்டும் காசு. மே மாசம் கிடையாது, லீவு நாள் கிடையாது, பரீட்சை நாள்ல பாடம் இல்லைன்னா அதுவும் கிடையாது. நம்ம ஊர் கௌரவ விரிவுரையாளர்னு வெச்சுக்கங்களேன். கௌரவம் பேர்ல மட்டும்.

நான் பார்த்த நல்ல வாத்தியார்கள்ல அவங்க ஒருத்தர். எப்சிலான்-டெல்டான்னா பசங்க தலையைப் பிடிச்சுப்பாங்க. இவங்க அதை வாஷி பாலத்துல டிரெயின் போறதை வெச்சு சொல்லிக் குடுப்பாங்க. கடைசி பெஞ்சு பசங்க கூட நோட்டு எடுப்பாங்க. இது எனக்குத் தெரியும், என் மூணு சகாக்களுக்கும் தெரியும். லேப்ல இருக்கற பியூனுக்கும் தெரியும்.

2022 ஜூலைல ஒரு நிரந்தர இடத்துக்கு இண்டர்வியூ. 14 பேர் வந்தாங்க. அவங்களும் ஒருத்தர். கமிட்டியில எச்ஓடி-ங்கற முறையில நானும்.

இந்தக் கமிட்டி எப்படி அமையுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா பல பேர் "காலேஜ்காரங்களே வேண்டியவங்களை எடுத்துக்கறாங்க"ன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. யுஜிசியோட 2018 விதிமுறைப்படி, காலேஜ்ல உதவிப் பேராசிரியர் இடத்துக்கு நிர்வாகக் குழுத் தலைவரோ அவர் நியமிச்ச உறுப்பினரோ தலைமை. அப்புறம் பிரின்சிபால், துறைத் தலைவர், துணைவேந்தர் அனுப்பற ரெண்டு பேர், காலேஜுக்குச் சம்பந்தமே இல்லாத ரெண்டு பாட நிபுணர்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் இவங்கள்ல யாராவது விண்ணப்பிச்சிருந்து, கமிட்டியில அந்தப் பிரிவு ஆள் யாரும் இல்லைன்னா அதுக்கும் ஒரு கல்வியாளர். அஞ்சு பேராவது வந்தாத்தான் கோரம், அதுல ரெண்டு பேராவது பாட நிபுணரா இருக்கணும்.

எண்ணிப் பாருங்க. டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒரே ஆள், நான்தான். மத்த மூணு பேரும் அன்னிக்கு வழக்கம் போல கிளாஸ் எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

இன்னொண்ணு. அந்த 2018 விதியில பாடம் நடத்தின அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2 மார்க், அதிகபட்சம் 10. ஆனா அந்த மார்க்கெல்லாம் இண்டர்வியூவுக்குக் கூப்பிடற பட்டியல் போடறதுக்கு மட்டும்தான். தேர்வு, இண்டர்வியூல எப்படிப் பண்றாங்கங்கறதை மட்டும் வெச்சுத்தான். அதுக்கு முந்தின 2010 விதியில, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் தேர்வுல இண்டர்வியூவுக்கு 20 சதவீதம்தான், படிப்பும் ஆராய்ச்சியும் 50, பாட அறிவும் கற்பிக்கற திறமையும் 30. 2018-ல அது மொத்தமா மாறிடுச்சு. ஆறு வருஷ உழைப்பு கதவு வரைக்கும் கூட வரும், செருப்பு மாதிரி வெளியவே நின்னுடும்.

உள்ள 20 நிமிஷம். ஒருத்தர், "ஆறு வருஷமா ஏன் வேற எங்கயும் நிரந்தரமா கிடைக்கலை?"ன்னு கேட்டார். கேக்கக் கூடாத கேள்வி இல்லைதான். ஆனா அவங்களுக்குக் குரல் கம்மிடுச்சு. அடுத்த கேள்வி சுலபமானது, அவங்க வகுப்புல நூறு தடவை சொன்ன தேற்றம். தடுமாறிட்டாங்க. எனக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு என்னை ஒரு தடவை பார்த்தாங்க. நான் தண்ணி டம்ளரைப் பார்த்தேன்.

அப்புறம் வந்த பையன் பிரமாதமா பேசினான். நல்ல பிஎச்டி. தப்பான ஆளை எடுத்தோம்னு நான் சொல்லமாட்டேன். பேச்சு வந்தப்ப நான், "அவங்க இங்க ஆறு வருஷமா..."ன்னு ஆரம்பிச்சேன். "அது ஸ்கோர்ல வந்தாச்சே சார்"னு ஒருத்தர் சொன்னார். விதிப்படி அவர் சொன்னது சரி. மாற்றுக் கருத்துன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கலாம். எழுதலை. தாள் சுத்தி வந்தது, கையெழுத்துப் போட்டேன்.

வெளிய வந்தா ஸ்டாஃப் ரூம்ல மூணு பேரும், "ஸர், காய் ஜாலா?" (என்ன ஆச்சு சார்?)ன்னு கேட்டாங்க. "கான்ஃபிடென்ஷியல்"னு சொல்லிட்டு கைகழுவப் போயிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. கலிபோர்னியாவுல இருக்கற என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். அவன் அங்க கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட ஒரு வளாகத்துல பேராசிரியர். கதையைக் கேட்டுட்டு, "டேய், எங்க ஊர்ல நீ இப்படித் தப்பிக்க முடியாதுடா, ஓட்டுப் போட்டே ஆகணும்"னான். அப்பதான் அவங்க விதியைச் சொன்னான். எனக்கு ஆச்சரியமா இருந்தது.

அங்க பைலா 55-ன்னு ஒண்ணு. ஒரு துறைக்குப் புதுசா ஆசிரியர் எடுக்கணும்னா, அந்தத் துறையில டென்யூர், அதாவது நிரந்தரம் கிடைச்ச எல்லாருக்கும் ஓட்டு உண்டு. இணைப் பேராசிரியரா உயர்த்தணும்னா பேராசிரியர்களும் இணைப் பேராசிரியர்களும் ஓட்டுப் போடுவாங்க. பேராசிரியரா உயர்த்தணும்னா பேராசிரியர்கள் மட்டும். நீ ஏறாத படிக்கு அடுத்தவனை நீ தீர்ப்பு சொல்லக் கூடாதுங்கறது கணக்கு. ஓட்டு உள்ளவங்க மனசு வெச்சா, மூணுல ரெண்டு பங்கு பேர் ரகசிய ஓட்டுல சம்மதிச்சா, மத்தவங்களுக்கும் அந்த உரிமையை நீட்டிக்கலாம். யாராவது ஒருத்தர் ரகசிய ஓட்டு வேணும்னு கேட்டா மறுக்கக் கூடாது. (எங்க மூணாவது மாடி மாமாவுக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும்.) துறையோட ஓட்டு முடிவு இல்லை, பரிந்துரைதான். அதுக்கு மேல டீன், வளாகக் குழு, சான்சலர்னு போகும். ஆனா அவங்க மேசைக்குப் போறப்ப துறை என்ன நினைக்குதுன்னு எண்ணிக்கையோட போகும்.

"அப்ப உங்க ஊர்தான் சொர்க்கம்"னேன். அவன் சிரிக்கலை. "ஒரு பையனுக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்கேன்டா. அவன் பொண்ணும் என் பொண்ணும் ஒரே டான்ஸ் கிளாஸ். அடுத்த சனிக்கிழமை வாசல்ல நின்னு அவன் பொண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியலை. ரகசியம்னாலும் அவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்"னான்.

ஓட்டுன்னா புனிதம்னு நானும் நினைக்கலை. எங்க ஊர்க்காரர் கதை ஒண்ணு இருக்கே. ராமானுஜனுக்கு எஃப்.ஏ. கூட தேறலை. 1913-ல மெட்ராஸ் பல்கலைக்கழகம் டிகிரி இல்லாத அந்த ஆளுக்கு மாசம் 75 ரூபாய்னு ரெண்டு வருஷத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்தது. விதியை வளைச்சுக் குடுத்தது ஒரு கமிட்டிதான். அப்புறம் கேம்பிரிட்ஜ் போனார். அங்க டிரினிட்டி காலேஜ்ல ஃபெலோவைத் தேர்ந்தெடுக்கறது ஏற்கனவே ஃபெலோவா இருக்கறவங்க. 1917-ல ராமானுஜனை நிராகரிச்சாங்க. 1918 மே மாசம் ராயல் சொசைட்டி அவரை ஃபெலோவாக்கிடுச்சு. அதுக்கு அப்புறம் அக்டோபர்லதான் டிரினிட்டி தேர்ந்தெடுத்தது. அப்பவும் எதிர்ப்பு இருந்தது, கறுப்பு மனுஷரை ஃபெலோவா ஏத்துக்க முடியாதுன்னு ஒருத்தர் சொன்னார்னு லிட்டில்வுட் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கார். உலகத்துலயே கணக்கு தெரிஞ்ச ஆட்கள் கூடி இருக்கற இடம். ஓட்டு இருந்தது, நியாயம் ஒரு வருஷம் தாமதமா வந்தது.

அவ்வளவு தூரம் எதுக்கு, என் கதையையே சொல்றேனே. இதை நான் வெளிய அதிகம் சொன்னதில்லை.

1999. எனக்கு நிரந்தர வேலை கிடைச்ச இண்டர்வியூ. அந்த டிபார்ட்மெண்ட்ல இருந்தவங்களுக்கு அவங்களுக்கு வேண்டிய ஒரு பையன் இருந்தான், உள்ளூர்ப் பையன். தப்பு இல்லை, யாருக்குமே பழகின முகம்தான் பிடிக்கும். நான் அரைகுறை ஹிந்தி, சுத்தமா மராட்டி தெரியாது, நெத்தியில விபூதி. பம்பாய்ல மதராஸிகளுக்கு எதிரா 1960-கள்ல என்ன நடந்ததுன்னு மாட்டுங்காவுல பழைய ஆட்களைக் கேட்டா சொல்வாங்க. அந்த நினைப்பு எங்க எல்லாருக்கும் அடிவயித்துல இருக்கும்.

வெளியில இருந்து வந்த நிபுணர் வயசானவர். என் பேரைக் கூடக் கேக்கலை. ஒரு சாக்பீஸை எடுத்துக் கையில குடுத்து, "பகா எண்களுக்கு முடிவே இல்லைன்னு போர்டுல காட்டு, எட்டாங்கிளாஸ் பையனுக்குச் சொல்ற மாதிரி"ன்னார். காட்டினேன். வேலை கிடைச்சது.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மழை நாள், டிரெயின் நின்னு போய், மான்குர்ட் ஸ்டேஷன்ல நானும் அந்த டிபார்ட்மெண்ட் சீனியர் ஒருத்தரும் மாட்டிக்கிட்டோம். சாய் குடிச்சுக்கிட்டே அவர் வெளிப்படையா சொன்னார்: "எங்களைக் கேட்டிருந்தா உன்னைச் சொல்லியிருக்க மாட்டோம் பாவு. நல்லவேளை, கேக்கலை." அவர்தான் என் பொண்ணோட காதுகுத்துக்கு முதல் ஆளா வந்தவர். வாஷியில எனக்கு வாடகை வீடு பார்த்துக் குடுத்ததும் அவர்தான்.

இப்ப புரியுதா என் சங்கடம்? சகாக்களுக்கு ஓட்டு இல்லாததால நான் உள்ள வந்தேன். அதே காரணத்தால அந்தப் பொண்ணு வெளிய போனாங்க.

நம்ம ஊர்ல இந்த முறையை வெச்சவங்க முட்டாள் இல்லை. சாதி, சொந்தம், ஊர், மொழி எல்லாம் ஸ்டாஃப் ரூம்லயும் உக்காந்திருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அதனாலதான் வெளி ஆள் வேணும்னாங்க, கமிட்டியில ஒரு பிரதிநிதி வேணும்னாங்க. தமிழ்நாட்டு அரசு காலேஜ்ல ஆசிரியர் தேர்வு வாரியம்னு மொத்தமா சென்னையில இருந்தே எடுக்கறதுக்கும் அந்த அவநம்பிக்கை ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கறேன். வெளியூர்ல போய்ப் பிழைக்கற நம்மள மாதிரி ஆட்களுக்கு அந்த அவநம்பிக்கைதான் பாதுகாப்பு. அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனா பாருங்க, நம்ம பல்கலைக்கழகங்கள்ல ஓட்டே இல்லைன்னு சொல்ல முடியாது. மகாராஷ்டிராவுல 2016 சட்டப்படி செனட்டுக்குத் தேர்தல் உண்டு. பட்டதாரிகளுக்கு 10 இடம், காலேஜ் ஆசிரியர்களுக்கு 10 இடம். 2024 செப்டம்பர்ல மும்பை பல்கலைக்கழகப் பட்டதாரி தொகுதித் தேர்தல் கோர்ட் வரைக்கும் போய்த்தான் நடந்தது. பட்ஜெட் பத்திப் பேச ஆளைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஓட்டு உண்டு. 2025 ஜனவரியில யுஜிசி புது வரைவு விட்டப்பவும் சண்டை பெரும்பாலும் துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கற குழுவை யார் அமைக்கறதுங்கறதுலதான். அந்த மாசம் 9-ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபை தீர்மானமே போட்டது. போட வேண்டியதுதான். ஆனா கூட வேலை பார்க்கறவங்க கருத்துக்கு எங்கயாவது ஒரு வரி இடம் உண்டான்னு யாரும் கேட்ட மாதிரி தெரியலை.

ரூம்மேட் சொன்ன விதியில ஒரு சின்ன வரி எனக்கு அப்புறம்தான் உறைச்சது. புது ஆள் எடுக்கற ஓட்டுக்கு முன்னாடி, ஓட்டு இல்லாத ஜூனியர்களுக்கும் தங்கள் கருத்தை ஓட்டுப் போடறவங்ககிட்ட சொல்ல வாய்ப்பு குடுத்தே ஆகணும். ஓட்டு இல்லை, ஆனா காது உண்டு. எங்களுக்கு வேண்டியது அந்த வரிதான்னு தோணிச்சு. ஓட்டைக் குடுத்தா 1999-ல நான் இல்லை. காதைக் குடுத்தா 2022-ல அந்தப் பொண்ணு இருந்திருக்கலாம்.

தேடிப் பார்த்தா நம்ம 2018 விதியிலயே ஒரு சந்து இருக்கு. இண்டர்வியூ சமயத்துல ஒரு வகுப்பு மாதிரி பாடம் நடத்தச் சொல்லி கற்பிக்கற திறமையைப் பார்க்கலாம்னு போட்டிருக்கு. "லாம்"தான், "வேண்டும்" இல்லை. அந்த "லாம்"மைப் பிடிச்சுக்கிட்டு பிரின்சிபால்கிட்ட நாலு தடவை போனேன். அஞ்சாவது தடவை, "சரி சார், பண்ணுங்க, ஆனா மார்க் கிடையாது"ன்னாங்க.

2024-ல அடுத்த இடத்துக்கு இண்டர்வியூ வந்தப்ப, காலைல எல்லா விண்ணப்பதாரரும் செகண்ட் இயர் பசங்களுக்கு 15 நிமிஷம் பாடம் எடுத்தாங்க. என் சகாக்கள் மூணு பேரும் கடைசி பெஞ்சுல உக்காந்தாங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா அரைப் பக்கம் எழுதி, பேர் போட்டு, கவர்ல குடுத்தாங்க. பேர் போட்டுத்தான் குடுக்கணும்னு நான் சொன்னேன். நிபுணர்கள் அதைப் படிச்சாங்க. ஒருத்தர் ரெண்டு தடவை படிச்சார். முடிவு அவங்களோடதுதான். இந்தத் தடவை கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை கூசலை. ஸ்டாஃப் ரூமுக்கு நேராப் போய் உக்காந்தேன்.

2022-ல நாங்க எடுத்த பையன் 14 மாசத்துல ஒரு பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சுப் போயிட்டான். அவன் தகுதிக்கு அது சரி. அந்தப் பொண்ணு இப்ப ராய்கட் மாவட்டத்துல ஒரு காலேஜ்ல நிரந்தரம். ஒவ்வொரு தீபாவளிக்கும் சக்லி, கரஞ்சின்னு ஒரு டப்பா எங்க வீட்டுக்கு வரும். தங்கமணி அதுல நம்ம முறுக்கைப் போட்டுத் திருப்பி அனுப்புவாங்க. அந்த இண்டர்வியூ பத்தி நாங்க பேசினதே இல்லை. ஒரே ஒரு தடவை அவங்களா சொன்னாங்க: "ஸர், அன்னிக்கு எனக்கு வேலை கிடைக்காததுக்கு வருத்தம் இல்லை. நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு நினைச்சேன்."

பதில் சொல்லத் தெரியலை. இந்தப் பதிவுதான் பதில்னு வெச்சுக்க வேண்டியதுதான்.

உங்கள்ல பல பேர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்னு இருக்கீங்க. உங்க பசங்க, மருமகள் யாராவது அங்க காலேஜ் வேலைக்குப் போனா, சம்பளம் என்ன, வீசா என்னன்னு கேக்கறதோட இன்னொண்ணும் கேளுங்க: உன் சகாக்களுக்கு இதுல என்ன பங்கு? அவங்க எதிர்ப்பார்களோன்னு பயந்தா, அதை எழுத்துல தெரிஞ்சுக்க வழி இருக்கா? நீ உள்ள போன அப்புறம் அடுத்து வர்ற ஆளைப் பத்தி உன்னைக் கேப்பாங்களா? கேட்டா, தண்ணி டம்ளரைப் பார்க்காம பதில் சொல்லு.

டிஸ்கி: மொட்டைமாடி வேலை நாளைக்கு ஆரம்பிக்குது. ஜெயிச்சது நான் ஓட்டுப் போட்ட கான்டிராக்டர்தான். நாங்க போட்ட ஓட்டு சரியா தப்பான்னு ஜூன் மாசம் மழை வந்து சொல்லும் :-)